மிரட்டுபவனுக்கு மூலதனம் நம் மௌனம்தான்!

மாவுப்பூச்சி, பட்டா மாறுதல், சொட்டுநீர் மானியம்… இந்தப் பகுதிக்கு வழக்கமாக வரும் கேள்விகள் இவைதான். சில மாதங்களாக வேறு வகைக் கடிதங்களும் வருகின்றன. ‘என் பெயரைப் போடாதீர்கள், ஊரைப் போடாதீர்கள்’ என்ற வேண்டுகோளோடு வரும் கடிதங்கள் அவை. செல்போன் வழியாக மானம் போய்விட்டதாகவோ, போய்விடும் என்ற பயத்திலோ எழுதியவர்கள். அவற்றில் நான்கு கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். எழுதியவர்களின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

“கடன் ஆப்காரர்கள் என் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டி உறவினர்களுக்கு அனுப்புகிறார்கள். நான் என்ன செய்வது?”

“மூன்று கறவை மாடுகள் வைத்திருக்கிறோம். ஒரு மாட்டுக்கு மடிநோய் வந்துவிட்டது. பால் பணம் வர ஒரு வாரம் இருந்தது. மருந்துச் செலவுக்காக, செல்போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து ஒரு கடன் ஆப்பை இறக்கினேன். 5,000 ரூபாய் கேட்டேன். பிடித்தம் போக 3,100 ரூபாய்தான் வந்தது. ஏழாம் நாள் 5,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள், கட்டிவிட்டேன். அதன் பிறகும் 4,000 ரூபாய் பாக்கி என்றார்கள். முடியாது என்றதும், கடன் வாங்கும்போது எடுத்த என் முகப் படத்தை வேறொரு பெண்ணின் ஆபாசப் படத்தில் ஒட்டி அனுப்பினார்கள். மாலைக்குள் கட்டாவிட்டால் போனில் இருக்கும் எல்லோருக்கும் போகும் என்றார்கள். சொன்னபடியே என் நாத்தனாருக்கும் பால் சொசைட்டி செயலாளருக்கும் அனுப்பிவிட்டார்கள். நான் கடன் வாங்கியதே என் கணவருக்குத் தெரியாது. நான்கு நாள்களாகத் தூக்கம் இல்லை. உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை.”

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மேற்கு மாவட்டம்.

இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே வாசகியிடம் தொலைபேசியில் பேசிவிட்டோம். அவரிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறோம்.

அம்மா, முதலில் ஒரு கணக்கைப் பாருங்கள். உங்கள் கைக்கு வந்தது 3,100 ரூபாய். ஏழு நாளில் நீங்கள் கட்டியது 5,000 ரூபாய். அதாவது 1,900 ரூபாய் வட்டி. ஒரு வாரத்துக்கு நூற்றுக்கு 61 ரூபாய்! எந்தக் கந்துவட்டிக்காரனும் கேட்கக் கூசுகிற வட்டி இது. அதையும் கட்டிவிட்டீர்கள். தப்பு செய்தவர் நீங்கள் அல்ல, அவர்கள்தான். இதை மனதில் ஆழமாகப் பதிய வைத்துக்கொள்ளுங்கள். அடுத்துச் செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

இனி ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். பணம் கட்டினால் படத்தை அழித்துவிடுவார்கள் என்று நினைப்பது இயல்பு. ஆனால், கட்டியவரிடம்தான் மறுபடியும் கேட்பார்கள். பயப்படுகிறவர் என்று தெரிந்துவிட்ட பிறகு, அவரை எளிதில் விட மாட்டார்கள். ‘பாக்கியை அடைக்க இந்த ஆப்பில் கடன் வாங்குங்கள்’ என்று இன்னொரு ஆப்பைக் காட்டுவார்கள். பல நேரங்களில் அதுவும் அவர்களுடையதாகவே இருக்கும்.

எதையும் அழிக்காதீர்கள். கோபத்தில் ஆப்பை நீக்கி, மிரட்டல் மெசேஜ்களையும் அழித்துவிடுகிறவர்கள் பலர். அது களவு போன வீட்டைக் கூட்டிப் பெருக்குவது மாதிரி. மிரட்டல் வந்த எண்கள், மெசேஜ்கள், அந்தப் படம், ஆப்பின் பெயர், பணம் வந்த விவரம், நீங்கள் பணம் அனுப்பிய யு.பி.ஐ ஐ.டி, வங்கிக் கணக்கு வரவு செலவு… எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, நம்பிக்கையான ஒருவரின் போனிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நாத்தனாருக்கு வந்ததையும் அவர் அழிக்காமல் வைத்திருக்கட்டும். ஆனால், யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

பிறகு ஆப்பின் கையைக் கட்டுங்கள். ஆதாரம் எடுத்து முடித்ததும், செட்டிங்ஸ் பகுதியில் அந்த ஆப்பின் பெயரைத் தொட்டு, காண்டாக்ட்ஸ், படங்கள், கேமரா, எஸ்.எம்.எஸ் என அதற்குக் கொடுத்த எல்லா அனுமதிகளையும் ரத்து செய்துவிட்டு, ஆப்பை நீக்குங்கள். கூகுள் பே, போன்பே போன்றவற்றில் ‘ஆட்டோபே’ என்ற பகுதியைத் திறந்து, தானாகப் பணம் எடுக்க அந்த ஆப்புக்கு அனுமதி இருந்தால் ரத்து செய்யுங்கள்.

புகார் கொடுங்கள். 1930 என்ற எண் சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். பணம் பறிபோனால் எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, அந்த அளவுக்கு அதை முடக்கி மீட்க வாய்ப்பு இருக்கிறது. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற மத்திய அரசு இணையதளத்திலும் புகார் பதியலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படப் புகார்களை, பெயர் சொல்லாமலே பதியும் வசதியும் அதில் உண்டு. தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் சைபர் க்ரைம் காவல் நிலையம் இருக்கிறது. நேரில் போனால் மனு ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ‘இது எங்கள் எல்லையில் வராது’ என்று எந்த ஸ்டேஷனிலும் திருப்பி அனுப்பக் கூடாது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரைப் பதிய வேண்டும் என்கிறது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா சட்டத்தின் 173-வது பிரிவு. மறுத்தால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் அனுப்பலாம்.

மிரட்டிப் பணம் பறித்தால், பாரதிய நியாய சன்ஹிதா 308-வது பிரிவின்படி ஏழு ஆண்டுகள் வரை சிறை. ஆபாசப் படத்தைச் செல்போனில் பரப்பினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67-ஏ பிரிவுகள் பாயும். 67-ஏ பிரிவில் முதல் முறை குற்றத்துக்கே ஐந்து ஆண்டுகள் வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆகவே, ஓடி ஒளிய வேண்டியவர் நீங்கள் அல்ல.

படம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் வந்துவிட்டால் அங்கேயே புகார் பட்டனை அழுத்துங்கள். ஒட்டு வேலை செய்த படமாக இருந்தாலும், புகார் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021-ல் வந்த மத்திய அரசு விதிகள் கெடு வைத்தன. ‘ஸ்டாப் என்.சி.ஐ.ஐ’ என்று ஓர் இலவச இணையதளமும் இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாமலே, அதற்கு ஒரு கைரேகை போன்ற அடையாளக் குறியீட்டை மட்டும் உருவாக்கி, அதில் இணைந்துள்ள சமூக வலைதளங்களுக்குக் கொடுக்கும். அதே படத்தை யாராவது அங்கே ஏற்ற முயன்றால் கண்டுபிடித்துத் தடுக்க அது உதவும்.

அடுத்ததுதான் முக்கியம். அவர்கள் சொல்வதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். இதைச் சொன்னபோது வாசகி நீண்ட நேரம் பேசவில்லை. “வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வேன்?” என்றார். நாம் கேட்டது இதுதான்: “உங்கள் வயலில் புதுசாக ஒரு புழு தெரிந்தால் என்ன செய்வீர்கள்? யாருக்கும் தெரியாமல் மறைப்பீர்களா, பக்கத்து வயல்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவீர்களா?” காட்டத்தான் செய்வோம். காட்டினால்தான் அவர் தன் வயலைப் பார்ப்பார். நமக்கும் ஒரு கை கிடைக்கும்.

மிரட்டுபவனிடம் இருப்பது ஒரு போலிப் படம் மட்டுமே. அதற்கு விலை வருவது, ‘இவர் வெளியே சொல்ல மாட்டார்’ என்ற நம்பிக்கையால்தான். நீங்கள் சொல்லிவிட்டால் அந்தப் படம் செல்லாக் காசு. முதலில் கணவர், பிறகு நாத்தனார், பிறகு போனில் எண் உள்ள மற்றவர்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள். எல்லோரிடமும் தனித்தனியே விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. கீழே உள்ள மாதிரி நான்கு வரி போதும். அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

“என் செல்போனில் இருந்த எண்களை ஒரு மோசடிக் கடன் ஆப் திருடிவிட்டது. என் முகத்தை வைத்துப் போலியாகத் தயாரித்த படம் உங்களுக்கு வரலாம். அதைத் திறக்க வேண்டாம், யாருக்கும் அனுப்ப வேண்டாம். வந்திருந்தால் அனுப்பியவர் எண்ணை எனக்குச் சொல்லுங்கள். காவல் துறையில் புகார் கொடுத்திருக்கிறேன்.”

இதில் கெஞ்சலும் இல்லை, விளக்கமும் இல்லை. படித்தவர்களுக்கு ஒரு வேலையும் கொடுத்திருக்கிறோம். வேடிக்கை பார்க்க வந்தவரும் சாட்சியாகிவிடுவார்.

மனது தாங்காத நேரத்தில் தனியாக இருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கோ, தமிழ்நாடு அரசின் 104 எண்ணுக்கோ எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலேயே பேசுவார்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

மூன்று நாள் கழித்து வாசகியே நம்மை அழைத்தார். கணவரிடம் சொல்லிவிட்டாராம். அவர் கோபப்பட்டது படத்துக்காக அல்ல. “மாட்டுக்கு வைத்தியம் பார்க்கணும்னு என்கிட்ட கேட்டிருக்கலாமே” என்றுதான் சத்தம் போட்டிருக்கிறார். பிறகு அவரே வண்டியில் உட்கார வைத்து சைபர் க்ரைம் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போயிருக்கிறார். பால் சொசைட்டி செயலாளர், வந்த படத்தை யாருக்கும் காட்டாமல் எண்ணை மட்டும் குறித்துக் கொடுத்தாராம். மிரட்டல் அழைப்புகள் இன்னும் இரண்டு, மூன்று வந்தன. “இப்ப எடுக்கிறது அவரு, நான் இல்லைங்க” என்று சிரித்தார் வாசகி. நான்கு நாள் தூங்காதவரின் சிரிப்பு அது.

இந்தக் கதை எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. வீட்டில் சொல்ல முடியாமல் உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். அதனால், வீட்டில் இருக்கும் ஆண்களுக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பெண்ணோ பிள்ளையோ இப்படி ஒரு விஷயத்தோடு உங்கள் முன்னால் வந்து நின்றால், ‘உன்னை யார் இதையெல்லாம் செய்யச் சொன்னது?’ என்பது முதல் வார்த்தையாக இருக்க வேண்டாம். ‘நான் இருக்கேன்’ என்பது முதல் வார்த்தையாக இருக்கட்டும். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இனி கடன் ஆப் பக்கம் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: 2022 செப்டம்பர் 2-ம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி, கடன் தரும் ஆப் உங்கள் காண்டாக்ட்ஸ், படங்கள், கால் விவரங்களைத் தொடவே கூடாது. கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றை, உங்களைச் சரிபார்க்க ஒரே ஒரு முறை, உங்கள் சம்மதத்தோடு கேட்கலாம், அவ்வளவுதான். கூகுள் பிளே ஸ்டோரும் 2023 மே 31 முதல், தனிநபர் கடன் ஆப்கள் காண்டாக்ட்ஸையும் படங்களையும் எடுக்கத் தடை போட்டிருக்கிறது. ஆகவே, ‘காண்டாக்ட்ஸ் அனுமதி கொடு’ என்று ஒரு கடன் ஆப் கேட்டால், அது சட்டத்துக்கு வெளியே இருக்கிற ஆப் என்று அந்த நொடியே முடிவு செய்யலாம். லிங்க் அனுப்பி இறக்கச் சொல்லும் ஆப்களைத் தொடவே வேண்டாம். அனுமதி இல்லாமல் கடன் கொடுப்பவர்கள் மீது ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ இணையதளத்தில் புகார் செய்யலாம்.

அவசரத்துக்குப் பணம் வேண்டும் என்ற நிலை எல்லோருக்கும் வரும். மாடு, ஆடு வளர்ப்புக்கும் கிசான் கிரெடிட் கார்டு உண்டு என்பது பலருக்குத் தெரியவில்லை. ஆண்டுக்கு 7 சதவிகித வட்டி. தவணை தவறாமல் கட்டினால் 4 சதவிகிதம். 2025 ஜனவரி 1 முதல் விவசாயக் கடனுக்கு 2 லட்சம் ரூபாய் வரை அடமானம் கேட்கக் கூடாது. அவசரம் வருவதற்கு முன்பே அந்த அட்டையை வாங்கி வைத்துவிட வேண்டும். மகளிர் குழுவில் இருந்தால் உள் கடன் கேளுங்கள். ஊரில் நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்ற கூச்சத்தில்தான் பலர் ஆப்பைத் தேடிப் போகிறார்கள். அந்த ஆப் நானூறு பேருக்குச் சொல்லிவிடுகிறது.

“என் தோட்டத்து வீடியோவை வைத்து, என் பெயரிலேயே யாரோ கன்று விற்கிறார்கள்!”

“மா ஒட்டுக்கன்று நாற்றங்கால் வைத்திருக்கிறேன். யூடியூப்பில் என் தோட்டம் வந்தது. அந்தப் படங்களை எடுத்து, ஃபேஸ்புக்கில் என் பெயரில் பக்கம் தொடங்கி, முன்பணம் வாங்கி ஏமாற்றுகிறார்கள். பணம் கொடுத்தவர்கள் என்னைத் திட்டுகிறார்கள். ராத்திரி 11 மணிக்கும் போன் வருகிறது.”

- ஒரு நாற்றங்கால் விவசாயி, தென் மாவட்டம்.

உங்கள் படத்தையும் பெயரையும் வைத்து இன்னொருவர் ஏமாற்றுவது ஆள்மாறாட்டம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி, 66-டி பிரிவுகளில், ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

முதலில் அந்தப் போலிப் பக்கத்தின் லிங்கை நகல் எடுங்கள். ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது. பெயரை மாற்றினாலும் பக்கத்தைக் கண்டுபிடிக்க லிங்க்தான் உதவும். பிறகு அந்தப் பக்கத்திலேயே ‘என்னைப் போல நடிக்கிறார்’ என்ற வகையில் புகார் செய்யுங்கள். அடையாள அட்டை கேட்டால் கொடுக்கலாம். நடவடிக்கை இல்லை என்றால் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். அதிலும் திருப்தி இல்லை என்றால், 30 நாள்களுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையம் வழியாகவே போகலாம். செலவு கிடையாது. 1930 புகாரை, பணம் கொடுத்து ஏமாந்தவர்களும் தனித்தனியே கொடுக்க வேண்டும். ‘நான் வாங்கவில்லை’ என்று அவர்களோடு சண்டை போடுவதைவிட, “வாங்க, சேர்ந்தே புகார் கொடுப்போம்” என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் மீதான சந்தேகம் அப்போதே பாதி தீர்ந்துவிடும்.

உங்கள் உண்மையான எண், நாற்றங்கால் இருக்கும் இடம், பணம் வாங்கும் முறை ஆகிய மூன்றையும் எழுதிப் பலகையாக வையுங்கள். அதையே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போடுங்கள். ‘வேறு எந்தக் கணக்குக்கும் பணம் அனுப்ப வேண்டாம்’ என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

ராத்திரி போன் விஷயத்தில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது. இந்த இதழிலும் கட்டுரையின் முடிவில் விவசாயிகளின் செல்போன் எண்ணைப் போடுகிறோம். அது அவர்களுக்கு வியாபாரம் தருகிறது என்றாலும், வீட்டு எண்ணைக் கொடுத்தவர்கள் படும் பாடும் எங்களுக்குத் தெரியும். அதனால், விற்பனைக்கு என்று தனியாக ஒரு சிம் வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டி கொடுக்கும்போது அந்த எண்ணை மட்டும் கொடுத்து, பேசும் நேரத்தையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கோடும் ஆதாரோடும் இணைத்த எண் வெளியே போக வேண்டாம். வீடியோ எடுக்க வருபவர்களிடம் வீட்டு வாசல், மோட்டார் அறைப் பூட்டு, பிள்ளைகள் ஆகியவை படத்தில் வராமல் எடுக்கச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். தோட்டம் உங்களுடையது.

“நிவாரணப் பட்டியல் என்று எங்கள் ஆதார் எண்ணை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள்!”

“மழையில் பயிர் மூழ்கியதற்கு நிவாரணம் கேட்டு எழுதிக் கொடுத்தோம். பட்டியலை யாரோ படம் எடுத்து ஊர்க் குழுவில் போட்டுவிட்டார். பெயர், சர்வே எண், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் இருக்கிறது. பயமாக இருக்கிறது.”

- நெல் விவசாயி, டெல்டா மாவட்டம்.

எது ஊருக்குத் தெரியலாம், எது தெரியக் கூடாது என்று பிரித்துப் பார்ப்போம். பட்டா, சிட்டா விவரம் பொது ஆவணம். தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால், நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று யாரும் பார்க்கலாம். நிலம் வாங்குபவர் ஏமாறாமல் இருக்க அது தேவை. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆனால், ஆதார் எண் அப்படி அல்ல. ஆதார் எண்ணைப் பொதுவெளியில் போடக் கூடாது என்று 2016-ம் ஆண்டு ஆதார் சட்டத்தின் 29-வது பிரிவே சொல்கிறது. குழு அட்மினிடம் அதைச் சொல்லி, அந்தப் படத்தை எல்லோருக்கும் அழிந்துபோகும்படி உடனே நீக்கச் சொல்லுங்கள். ஊர் நிர்வாக அலுவலருக்கும் தெரிவியுங்கள்.

எண் வெளியே போய்விட்டதே என்றால், கைரேகையைப் பூட்டிவிடுங்கள். ஆதார் ஆணையத்தின் செயலியிலோ இணையதளத்திலோ பயோமெட்ரிக் லாக் வசதி இருக்கிறது. பூட்டிவிட்டால், உங்கள் கைரேகையை நகல் எடுத்து ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் மோசடி நடக்காது. பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகையை நகல் எடுத்துப் பணம் திருடிய சம்பவங்கள் சில மாநிலங்களில் நடந்திருக்கின்றன. ஒன்றை மறந்துவிடாதீர்கள். பூட்டிய பிறகு ரேஷன் கடை இயந்திரத்திலும் உங்கள் விரல் ஏற்காது. பொருள் வாங்கப் போகும் அன்று தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். சந்தேகம் இருந்தால் 1947 என்ற ஆதார் உதவி எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

இனி நகல் கொடுக்கும்போது, கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ போதுமா என்று கேளுங்கள். முழு நகலைத்தான் கொடுக்க வேண்டும் என்றால், அதன் மேலேயே ‘பயிர் நிவாரணத்துக்கு மட்டும்’ என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். இப்படிப் பட்டியல் வெளியான ஊர்களுக்கு அடுத்து வருவது, ‘உங்கள் நிவாரணம் தயார்’ என்ற போன் அழைப்பு. பெயரும் சர்வே எண்ணும் சரியாகச் சொல்வதால் நம்பிவிடுவோம். ஓ.டி.பி-யைச் சொல்லாதீர்கள். பி.எம். கிசான் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ‘ஏ.பி.கே’ கோப்பைத் திறக்காதீர்கள். அதைத் திறந்து இறக்கினால், போனே அவர்கள் கைக்குப் போய்விடும். பணம் போனது தெரிந்தால் 1930-க்கும் வங்கிக்கும் அன்றே சொல்லுங்கள். தவறு உங்களுடையதாக இல்லாதபோது, மூன்று வேலை நாள்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் நஷ்டம் உங்கள் தலையில் விழாது என்று 2017-லேயே ரிசர்வ் வங்கி விதி வகுத்திருக்கிறது.

“மருந்தடித்துவிட்டு ‘இயற்கை’ என்று விற்கிறான் என்று குழுவில் பேசிப் போட்டிருக்கிறார்கள்!”

“எட்டு வருடமாக இயற்கை முறையில் காய்கறி போடுகிறேன். என் மேல் பொறாமை உள்ள ஒருவர், நான் ரசாயன மருந்து அடிப்பதாக வாட்ஸ்அப் குழுவில் ஆடியோ போட்டுவிட்டார். வாடிக்கையாளர்கள் குறைகிறார்கள். மானநஷ்ட வழக்கு போடலாமா?”

- காய்கறி விவசாயி, வட மாவட்டம்.

போடலாம். ஆனால், அது கடைசிப் படி. அவதூறுக்கு பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவில் இரண்டு ஆண்டுகள் வரை சிறை உண்டு. போலீஸ் நேரடியாக வழக்குப் பதியும் குற்றம் அல்ல இது. நீங்கள்தான் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தனி வழக்கு தொடுக்க வேண்டும். நாள் ஆகும். அதுவரை உங்கள் கத்திரிக்காய் காத்திருக்காது.

முதலில் அந்த ஆடியோவை, அனுப்பியவர் எண், தேதி, நேரம் தெரிய சேமித்து வையுங்கள். குழுவில் பதிலுக்குப் பதில் பேசாதீர்கள். நீங்கள் ஒவ்வொரு முறை பதில் சொல்லும்போதும், கேட்காமல் விட்டவர்களும் மேலே போய் அந்த ஆடியோவைக் கேட்பார்கள். ஒரே ஒரு பதில் போதும்: “வரும் ஞாயிற்றுக்கிழமை காலை என் தோட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். மண், இலை, காய் எதை வேண்டுமானாலும் நீங்களே எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம்.” கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பூச்சிக்கொல்லி எச்சம் பார்க்கும் ஆய்வகம் இருக்கிறது. அங்கே வாங்கும் அறிக்கை, வக்கீல் நோட்டீஸைவிட வாடிக்கையாளரிடம் வேகமாக வேலை செய்யும். தமிழ்நாடு அரசின் விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையில் இதுவரை பதிவு செய்யவில்லை என்றால், இதையே சாக்காக வைத்துப் பதிவு செய்துவிடுங்கள். எட்டு வருட உழைப்புக்கு ஒரு காகிதம் இருக்கட்டும்.

அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ். வசதி இல்லாதவர்கள், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம். உதவி எண் 15100. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பொது நன்மைக்காகச் சொல்லப்படும் உண்மை அவதூறு ஆகாது. எனவே, நீங்கள் ஏதாவது ஒரு பருவத்தில் மருந்து அடித்திருந்தால், அதை நீங்களே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள். முதல் கடிதத்துக்குச் சொன்ன அதே பதில்தான். நம்மைப் பற்றிய சேதி, நம் வாயிலிருந்து முதலில் போனால் மரியாதையோடு போகும்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊர் வாய் இப்போது செல்போனுக்குள் வந்துவிட்டது. ஆனால், அந்த வாயில் நம் வாயும் சேர்த்தி என்பதை மறந்துவிடுகிறோம். அடுத்தவர் வீட்டுப் பெண்ணின் படமோ, ஒருவரைப் பற்றிய ஆடியோவோ நம் போனுக்கு வந்தால், அது நம்மோடு நிற்கட்டும். 2017 ஆகஸ்ட் 24-ம் தேதி, அந்தரங்கம் என்பது ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பு உங்கள் ஊரில் நடைமுறைக்கு வருவது, அந்தப் பால் சொசைட்டி செயலாளர் மாதிரி, ஒருவர் படத்தை யாருக்கும் காட்டாமல் எண்ணை மட்டும் குறித்துக் கொடுக்கும்போதுதான்.

வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள்

சைபர் குற்றம், பண மோசடி - 1930
பெண்கள் உதவி - 181
மனநல ஆலோசனை - 14416, 104
ஆதார் உதவி - 1947
இலவசச் சட்ட உதவி - 15100

இது போன்ற கேள்விகளைத் தயங்காமல் எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால், கடிதத்தின் மேலேயே அதைக் குறிப்பிடுங்கள். அவசரம் என்றால், இதழ் வரும்வரை காத்திருக்காமல் முதலில் 1930-ஐ அழையுங்கள். எங்களுக்குப் பிறகு எழுதலாம்.